ஒற்றைக் கைக்கான பை

நிலவழகன் வயரிங் வேலைக்குப் போன காலத்தில் அவனுக்குப் பை என்று ஒன்று தேவைப்படவில்லை. சட்டைப் பையில் டெஸ்டர், பேண்டின் பின்பக்கம் கட்டிங் பிளேயர், பக்கத்துப் பையில் டேப் சுருளும் சின்னக் கத்தியும், காதிடுக்கில் பென்சில். டிரில் மிஷின் வேண்டுமென்றால் வண்டியில் கட்டிக்கொள்வான். அரிமளத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் யார் வீடு கட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும், சொன்ன நாளில் வந்து நிற்பான். டெஸ்டர் குத்திக் குத்திச் சட்டைப் பைகள் அடியில் கிழிந்துபோகும். அவன் மனைவி பொற்கொடி ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வரிசையாகப் போட்டுத் தைப்பாள்.

பொற்கொடியின் அண்ணன் மதுரைவீரன் அதே ஊரில் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எதுவானாலும் அவனுடைய ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும்தான் போகும். திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டப் போன பழக்கத்தில்தான் நிலவழகன் அவனுக்கு மாப்பிள்ளை ஆனான். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒரே வண்டியில் சுற்றியவர்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகும் அது மாறவில்லை. பொற்கொடிக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை ஊர் பேசியபோதெல்லாம் முதல் ஆளாகச் சண்டைக்குப் போனவன் மதுரைவீரன்.

கஜா புயல் அடித்த நவம்பரில் ஊரைச் சுற்றியிருந்த தைலமரக் காடு மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கம்பங்கள் நடுவில் முறிந்து, கம்பிகள் வயலிலும் ரோட்டிலும் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் ஊர் ஊராகச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். ரோட்டைவிட்டு உள்ளே இருந்த இவர்கள் ஊருக்கு முறை வரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. மதுரைவீரன் தன் ஜெனரேட்டரை வீட்டு போர்டில் இணைத்து, போர் மோட்டாரை ஓட்டித் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தான். காலையிலும் மாலையிலும் அவன் வாசலில் குடங்கள் வரிசை கட்டின. வீட்டுக்குள்ளே எந்தச் சுவரைப் பார்த்தாலும் யாருடைய போனாவது சார்ஜில் தொங்கியது.

இரண்டு வாரம் ஆனதும் ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மருக்குப் போகும் பெரிய லைனில் மரங்களை வெட்டி, கம்பிகளைத் தூக்கிக் கட்டி வைத்துவிட்டால், வருகிறவர்கள் சீக்கிரம் கரண்ட் கொடுத்துவிடுவார்கள் என்று பேசினார்கள். மேலே ஏறத் தெரிந்தவன் நிலவழகன் ஒருவன்தான்.

செத்த லைனாக இருந்தாலும், ஏறுவதற்கு முன்னால் அதை ஒரு கம்பியால் தரையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்; தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் அது தரைக்குள் இறங்கிவிடும். அந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. அன்று அவன் கட்டவில்லை.

"ரெண்டு வாரமா கரண்டு இல்லாத ஊருல எங்கிட்டுருந்து வரப்போகுது?" என்று சிரித்துவிட்டு ஏறினான்.

ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அணைக்காவிட்டால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காமல் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக ஏறி, பல மடங்காகப் பெருகி அந்தப் பெரிய லைனுக்குப் போய்விடும். அன்று அப்படித்தான் போனது. அந்த நேரத்தில் யாரோ தண்ணீருக்காக மோட்டாரைப் போடச் சொன்னார்கள், மதுரைவீரன் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டான். கண்மாய்க்கரையில் நிலவழகன் கம்பியைப் பிடித்த பிடியில் தொங்கினான்.

மதுரையில் அவன் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். மதுரைவீரன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். நிலவழகனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மச்சான் வீட்டில் ஜெனரேட்டர் இல்லை. யாருக்கோ கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான்.

ஊர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை எல்லோரும்தான் குடித்திருந்தார்கள். நிலவழகன் மட்டும் சொன்னான். அதுவும் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், பொற்கொடியிடம்: "ஒங்க அண்ணன் மெயினை அணைக்கல. கையப் புடுங்கிட்டான்." அதற்குப் பிறகு அவன் மச்சானிடம் பேசவே இல்லை.

பேசாவிட்டாலும் மச்சான் தேவைப்பட்டான். பொற்கொடி புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் பஸ்ஸுக்கு ஓடினால்தான் கடைக்குச் சேர முடியும். அவள் கிளம்பிய பிறகு மதுரைவீரன் வருவான். மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுவான், முகம் மழிப்பான், சட்டைக்குப் பட்டன் போடுவான், கைலியை இறுக்கிக் கட்டிவிடுவான். சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழாக அவன் போட்டுக்கொண்டு வரும்போது இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். நிலவழகன் கூரையைப் பார்ப்பான். "வேற ஏதும் வேணுமா மாப்ள?" என்று மதுரைவீரன் கேட்பான். ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "சரி, சாயந்தரம் வாரேன்" என்று போய்விடுவான்.

பட்டனில்தான் நிலவழகன் ஆரம்பித்தான். பொற்கொடியிடம் சொல்லி எல்லாச் சட்டைகளிலும் பட்டனை எடுத்துவிட்டு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டன் வைக்கச் சொன்னான். கைலியை விட்டுவிட்டு எலாஸ்டிக் வைத்த பேண்ட்டுக்கு மாறினான். மறுநாள் மதுரைவீரன் வந்தபோது அவன் உடுத்தி முடித்து உட்கார்ந்திருந்தான்.

"நீயே போட்டுக்கிட்டியா?" என்று மதுரைவீரன் கேட்டான். அவன் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அது நிலவழகனுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு பை வந்தது. சந்தையில் காய்கறி விற்கிறவர்கள் இடுப்பில் கட்டுவார்களே, அந்த மாதிரிப் பை. ஜிப்பை ஒரு கையால் இழுத்தால் பையும் கூடவே வந்தது. அதனால் பொற்கொடி ஜிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, ஒட்டிப் பிரிக்கிற பட்டியை வைத்துத் தைத்தாள். அதற்குள் முதலில் போனது ஒரு லைட்டர். தீப்பெட்டியை உரசிப் பார்த்துப் பார்த்து, பல்லில் கவ்விப் பார்த்து, உதட்டைச் சுட்டுக்கொண்ட பிறகு வாங்கியது. அப்புறம் பாட்டில் மூடியைத் திருக சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு. பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதை வைத்துத் திருகினால் திறக்கும். பால் பாக்கெட்டுக்கும் ஷாம்புவுக்கும் மாத்திரை அட்டைக்கும் ஒரு சின்னக் கத்தரி. காகிதம் பறக்காமல் பிடிக்கத் துணி கிளிப். வெட்டிய இடம் வியர்த்துப் புண்ணாகும் என்பதால் பவுடர் டப்பா, ஒரு துண்டுப் பருத்தித் துணி. மாற்றுத்திறனாளிகள் முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் கை வெயிலில் கொப்புளம் போட்டது. அது பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது.

ஒவ்வொரு பொருளும் பைக்குள் போனபோது மதுரைவீரன் செய்துகொண்டிருந்த ஒரு வேலை இல்லாமல் போனது. நிலவழகன் அதைத் தெரிந்தேதான் செய்தான். எந்த வேலைக்கு இன்னும் அவன் வருகிறான் என்று யோசித்து, அதற்கு என்ன வழி என்று தேடினான். தூங்கி எழுந்ததும் அவனுக்கு வரும் முதல் யோசனை அதுவாக இருந்தது. இல்லாத கையின் விரல்கள் எரியும்போதும் அதைத்தான் யோசித்தான்.

ஒரு காதுகுத்து விருந்தில் பந்தியில் உட்கார்ந்தான். பக்கத்தில் மதுரைவீரன் வந்து உட்கார்ந்தான். நிலவழகன் இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டதை எதிர்ப் பந்தியில் இருந்த ஒரு பெரியவர் பார்த்தார். தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதுரைவீரன் எழுந்துவிட்டான். "என்ன பெருசு, எலைய நகட்டுறீங்க? அவனுக்கு இன்னொரு கை இருந்தா அதுல சாப்புட மாட்டானா?"

"நான் என்னப்பா சொன்னேன்?" என்றார் அவர்.

"சொல்லித்தான் தெரியணுமா?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிலவழகன் பாதி இலையில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே நடந்தான். பெரியவர் இலையை நகர்த்தியதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். தனக்காக இன்னொருவன் எழுந்து நின்றதை, அதுவும் இந்த ஆள் நின்றதை, அவனால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் பைக்குள் ஒரு ஸ்பூனும் ஒரு சோப்புத் துண்டும் போயின. விருந்துக்குப் போனால் ஸ்பூனை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். கொஞ்ச நாளில் விருந்துக்குப் போவதையே விட்டுவிட்டான்.

கடைசியில் நகம் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு கை மட்டும் இருக்கிறவன் அந்தக் கையின் நகத்தை எப்படி வெட்டுவான்? பொற்கொடி வெட்டிவிடுவாள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைவீரன் நகவெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவான். அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அப்படிப் பழகிவிட்டது. இடது கையைத் தன் மடியில் வைத்து, குழந்தைக்கு வெட்டுவதுபோல ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டுவான். அந்த நேரத்தில் ஊர்ச் செய்தி எல்லாம் அவனே பேசிக்கொண்டிருப்பான்.

நிலவழகன் ஒரு சின்னப் பலகையில் நகவெட்டியைத் திருகி முடுக்கினான். பலகையை மேசைமேல் வைத்து, விரலை நகவெட்டிக்குள் கொடுத்து, மிச்சமிருந்த வலது கையின் முனையால் அழுத்தினால் வெட்டியது. அடுத்த ஞாயிறு மதுரைவீரன் வந்தபோது பலகையை எடுத்து அவன் முன்னால் வைத்து வெட்டிக் காட்டினான்.

மதுரைவீரன் முழுக்கப் பார்த்தான். "நல்லாருக்கு மாப்ள" என்றான். தன் நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். அன்று "சாயந்தரம் வாரேன்" என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மைக்செட்டை விற்றான். குடிப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஊரிலேயே இல்லை. கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பதாகப் பொற்கொடிக்குத் தெரிந்தது. "அண்ணன ஒரு வார்த்த போன்ல கூப்புடுங்களேன்" என்று அவள் பல தடவை சொன்னாள். "எதுக்கு?" என்று அவன் கேட்பான். அவளிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கவில்லை. எல்லாக் காரணத்தையும் அவன் பைக்குள் போட்டு மூடியிருந்தான்.

ஊராட்சியில் நிலவழகனுக்கு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மோட்டாரைப் போட வேண்டும், தெருத்தெருவாகப் போய்க் குழாய் வால்வைத் திறந்து மூட வேண்டும். பையில் ஸ்பூன் இருந்த இடத்துக்கு மோட்டார் ரூம் சாவியும் டார்ச்சும் வந்தன. பவுடர் டப்பாவை எடுத்துவிட்டு, கசிகிற குழாயில் சுற்ற வெள்ளை டேப்பும் ரப்பர் வாஷர்களும் போட்டுக்கொண்டான். வால்வுகள் துருப்பிடித்தவை. நீளக் கம்பியைக் குழிக்குள் விட்டு முறுக்க இரண்டு கை வேண்டும். அவன் ஒரு கையால் முறுக்கினான். தோளில் ஒரு பட்டை மாட்டி, கம்பியை அதில் கோத்து இழுத்தும் பார்த்தான். எப்படிச் செய்தாலும் பாரம் அந்த ஒரு மணிக்கட்டில்தான் இறங்கியது.

சில வருடங்களில் இடது கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் தூக்கத்தில் மட்டும். பிறகு சைக்கிள் ஓட்டும்போது. அவன் பொற்கொடியிடம் சொல்லவில்லை. பைக்குள் ஒரு நீலகிரித் தைலக் குப்பி சேர்ந்தது. சாவி கீழே விழுந்தால் தெரியவில்லை என்பதால் அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். லைட்டரை அழுத்த முடியாமல் போனபோது பெரிய பொத்தான் வைத்த வேறு லைட்டர் வாங்கினான். ஒருநாள் கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். விரல் வெந்து வெளுத்திருந்ததைப் பொற்கொடிதான் பார்த்தாள்.

அவள் அன்றே கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கிருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்குமே. ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

"ஒரு கைதானே சார் இருக்கு" என்றான் நிலவழகன்.

ஆபரேஷன் செய்தால் மரத்துப்போவது நிற்கும், பலம் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். கட்டுப் போட்டுச் சில வாரங்கள் கையை வைத்து எதுவும் செய்யக் கூடாது.

வீட்டுக்கு வந்து அவன் பையை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்தான். அதில் இருந்த எதுவும் கையில்லாதவனுக்கு உதவாது. பொற்கொடி வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்றான். பிறகு, "ஒங்க அண்ணன் எங்க இருக்காருன்னு சொன்ன?" என்று கேட்டான்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருவரும் அறந்தாங்கி போய், அங்கிருந்து கட்டுமாவடிக்கு பஸ் பிடித்தார்கள். ஐஸ் கம்பெனி மீன் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மதுரைவீரன் ஐஸ் கட்டிகளை உடைக்கும் மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. இவர்களைப் பார்த்ததும் மிஷினை இன்னொருவனிடம் விட்டுவிட்டு வந்தான். காலையிலேயே குடித்திருந்த வாடை அடித்தது.

"யாருக்கு என்ன?" என்று கேட்டான். சாவுச் செய்தி என்றுதான் நினைத்திருந்தான்.

பொற்கொடி சொன்னாள். அவன் நிலவழகனின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் கை ஐஸ் ஈரமாக இருந்தது. நிலவழகனுக்கு அந்தக் குளிர் பாதிதான் உறைத்தது.

"வாங்க, சாப்புடுவோம்" என்று லோடு ஆட்கள் சாப்பிடும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். மீன் குழம்பும் சோறும் வந்தன. நிலவழகன் ஸ்பூன் கொண்டுவரவில்லை. விரல்கள் சோற்றைச் சேர்த்துப் பிடிக்கவில்லை, சிந்தியது. மதுரைவீரன் தன் இலையைத் தள்ளிவிட்டு, முள்ளை எடுத்துச் சோற்றைப் பிசைந்து அவன் வாய்க்கு நேரே நீட்டினான். நிலவழகன் வாயைத் திறந்தான். கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லோருக்கும் பசி.

இரண்டாவது கவளத்தில் நிலவழகன் சொன்னான், "நான் அன்னைக்குக் கம்பி கட்டல மச்சான். கட்டிட்டு ஏறியிருக்கணும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒன்னைய எறக்குன பெறகு நான்தானே கம்பத்தப் போய்ப் பாத்தேன். கம்பி கீழயே சுருட்டிக் கெடந்துச்சு."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"கை போனவன்கிட்ட போயி அதையுமா சொல்றது?" மதுரைவீரன் அடுத்த கவளத்தை உருட்டினான். "மெயினை அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன் மாப்ள. வீடு நெறையாப் பேரு, போன் சார்ஜ் போடுறேன்னு எவனாச்சும் தட்டிவிட்டானோ என்னமோ. ஒரு நாளு அணைச்ச மாதிரி இருக்கு. ஒரு நாளு அணைக்காத மாதிரி இருக்கு. குடிச்சா அணைச்ச மாதிரித் தெரியுது."

பொற்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் கேட்டாள், "வீட்டுக்கு வாண்ணே. கட்டுப் பிரிக்கிற வரைக்குமாச்சும் இரு."

அவன் தலையை ஆட்டினான். "வரலம்மா. இங்கிட்டு யாருக்கும் என்னையத் தெரியாது. அங்கிட்டு வந்தா அந்தக் கண்மாய்க்கரையத் தாண்டித்தான் போகணும்."

"நான் கூப்புடுறேன் மச்சான்" என்றான் நிலவழகன்.

"நீ கூப்புட்டதே போதும்டா. என்னால ஆகாது." அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக நிலவழகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

ஆபரேஷன் முடிந்தது. மரத்துப்போவது நின்றது. பெருவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் பலம் வரவில்லை; எதையும் பிடிக்க முடியவில்லை. தொட்டி வேலையை ஊராட்சியில் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, ஊருக்குத் தண்ணீர் வர வேண்டும். பொற்கொடி ஜவுளிக்கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவனுக்குச் சோறு ஊட்டுவதும் அவள்தான். முதல் மாதம் இருவருமே அழுதார்கள். இப்போது அதுபாட்டுக்கு நடக்கிறது.

பையிலிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கலந்துவிட்டன. கத்தரி அவள் தையல் மிஷினுக்குப் போனது. லைட்டர் அடுப்படிக்குப் போனது. இப்போது அவன் உடம்போடு இருப்பது கழுத்தில் கயிற்றில் தொங்குகிற போன் ஒன்றுதான். அதை விரல் முட்டியால் தட்டி எழுப்பி, "மச்சானுக்குப் போன் போடு" என்று சொன்னால் அதுவே போட்டுவிடும். அப்படி வைத்துக்கொடுத்தது பொற்கொடி.

பெரும்பாலும் சாயந்தரத்தில் போடுவான். சில நாள் மதுரைவீரன் எடுக்க மாட்டான். எடுக்கிற நாளில் குரலிலேயே எவ்வளவு குடித்திருக்கிறான் என்று தெரியும்.

"சாப்டியா மச்சான்?"

"ஆச்சு. கடலுக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க, பொயல் எதுவோ வருதாம். ஐஸு அப்புடியே தேங்கிக் கெடக்கு. நீ?"

"பொற்கொடி ஒரு ஜாக்கெட்ட முடிச்சுட்டு வரணும்."

"கை எப்புடி இருக்கு?"

"அப்புடியேதான்."

"சரி. வேறென்ன?"

"ஒண்ணுமில்ல."

பேசி முடித்ததும் அழைப்பை மதுரைவீரன்தான் துண்டிக்க வேண்டும். அந்தச் சின்னப் பொத்தான் நிலவழகனின் முட்டிக்குப் படியாது. சில நாள் மதுரைவீரன் மறந்துபோய்ப் போனை அப்படியே எங்கேயாவது வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தமும், ஆட்கள் கத்துகிற சத்தமும், எப்போதாவது அவன் இருமுகிற சத்தமும் வந்துகொண்டிருக்கும். போனில் சார்ஜ் தீருகிறவரை நிலவழகன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.